நகத்தளவு குறைந்த சீட்டுகள்

ஒன்பது சீட்டுகளும் அளவில் குறைகின்றன. முதல் சீட்டை உறைக்குள் செருகியபோது கை பிசகிவிட்டதென்று எண்ணினேன். இரண்டாவதிலும் உறையின் மேல்விளிம்பு வெறுமையாக நின்றது. மூன்றாவதை மூலச் சீட்டின்மேல் பொருத்திப் பார்த்தபோதுதான் மூலத்தின் தலை ஒரு நகத்தளவு வெளியே எட்டிப் பார்ப்பது தெரிந்தது, வலப்பக்கத்திலும் அப்படியே. எஃகு அளவுகோல் இடக்கையில்தான் இருந்தது. இருந்தும் அளக்கவில்லை; அச்சாகியிருந்த கோட்டை நம்பி அதன்மேலேயே கத்தியை இழுத்தேன். அச்சில் வந்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய மாணவர்களை வாழ்நாளெல்லாம் கண்டித்தவன் நான். முதல் மூன்று தாள்களில் குறையில்லை. நான்காவது தாள் அச்சாகும்போது மின்சாரம் போயிற்று. அது திரும்பி வந்தபின் இயந்திரத்தை எழுப்பி மறுபடி கட்டளையிட்டபோது, 'உள்ளபடி' என்று நான் குறித்து வைத்திருந்த இடத்தில் 'தாளுக்குள் அடங்கும்படி' என்று அதுவாகவே மாறியிருந்திருக்கிறது. என்ன கரிசனம் இந்த இயந்திரத்துக்கு! அடக்கச் சொல்லி யார் கேட்டார்கள்? ஒட்டி, உலர்த்தி, வெட்டி, எல்லாம் முடிந்த பிறகு இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. உள்ளறையில் மின்விசிறி சீராகச் சுற்றுகிறது. அதன்கீழ் மங்கை உறங்குகிறாள். எழுந்து காபி குடித்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எதிரில் வந்து உட்காருவாள். இன்று சனிக்கிழமை, ஆட்டநாள். அவள் சொன்னபடி பார்த்தால், கடைசி ஆட்டநாள்.

கடைசி என்றால் கடைசிதானா? மங்கையர்க்கரசி ஓய்வு பெறும்வரை கணக்கு ஆசிரியையாக இருந்தவள். எந்த முடிவைச் சொன்னாலும் விடைக்கு அடியில் இரட்டைக்கோடு இழுத்துவிட்டதைப் போலத்தான் சொல்வாள். "போதுங்க. வர்ற சனிக்கிழமையோட இந்த ஆட்டத்த நிறுத்திக்கலாம்." சீட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, என் காதுக்குப் பக்கத்திலிருந்த சுவரைப் பார்த்தபடி சொன்னாள். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் விடை வந்துவிடும் என்ற அச்சம். மாடிவீட்டு ஜெருஷா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். வங்கி அதிகாரி, தனியாக இருந்தவள். ஊரே கதவடைத்துக் கிடந்த மாதங்களில், முகக்கவசத்தோடு படியில் உட்கார்ந்து மங்கைக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தவள். சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே நான் எழுந்து உள்ளே போனேன். "ஐயா, இது காசு வச்சு ஆடுறது இல்ல, வாங்க," என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பொதுவான கட்டு என்று ஒன்றில்லை, ஆளுக்கொரு கட்டு. தீவுகள், கப்பல்கள், கடல்விலங்குகள், புயல்கள் எனப் படம் போட்ட சீட்டுகள். கடைகளில் பொதி பொதியாக வாங்கியும், ஒருவரோடொருவர் மாற்றிக்கொண்டும் அவரவர் தத்தம் கட்டைச் சேர்க்க வேண்டும். என் கட்டு கப்பல்களால் ஆனது. மங்கையின் கட்டுக்கு உயிர் அதன் ஒன்பது புயல்கள். ஒன்றுமறியாதவளைப் போலத் தீவுகளை அடுக்கிக்கொண்டே போவாள். நான் கப்பல்களை மேசை நிறையப் பரப்பிவிட்டு நிமிரும் வேளையில் ஒரு புயல் வந்து விழும், கப்பல்கள் எல்லாம் கவிழும். அப்போது அவள் முகத்தில் தோன்றும் அந்த மலர்ச்சியைத் திருமணத்தன்றுகூட நான் கண்டதில்லை. நாகபுரிக்கு மாற்றலாகிப் போகையில் ஜெருஷா இரண்டு கட்டுகளையும் விட்டுச் சென்றாள். "டீச்சர், ஐயா தோத்தா ரொம்பக் கிண்டல் பண்ணாதீங்க." படியில் கற்றுக் கொடுத்த நாட்களிலேயே ஆட்டத்தின் இரண்டு மரபுகளை அவள் சொன்னது உள்ளே இருந்த என் காதில் விழுந்திருந்தது. அடுத்தவர் கட்டை அவர் இசைவின்றித் தொடலாகாது. வீட்டில் அச்சிட்ட பிரதிச் சீட்டுகளோடு ஆட உட்கார்ந்தால், முதல் சீட்டை எடுப்பதற்கு முன்னரே அதைச் சொல்லி எதிரில் இருப்பவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நட்புக்கு ஆடும் ஆட்டத்தில் பிரதி குற்றமன்று. சொல்லாமல் ஆடுவதே குற்றம். விதிகள் இல்லாத பொழுதுபோக்கு என்று நான் எண்ணியிருந்த ஒன்றில் இத்தனை நாகரிகம் இருந்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளே படியில் போய் உட்கார்ந்தேன்.

பிசின் விரலில் காய்ந்து தோலை இழுக்கிறது. மங்கையின் விழிகளுக்குள்ளும் ஏதோ இப்படித்தான் காய்ந்து இழுத்திருக்க வேண்டும். கண் மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். நடுவில் ஒரு மங்கல், அது மெல்ல மெல்லப் பரவும், ஓரங்கள் நிற்கும். முழு இருட்டு வராது, நடுப்பார்வைதான் போகும். ஏதோ சலுகை அளிப்பவரைப் போல அதைச் சொன்னார். திரும்பி வரும்போது பேருந்தில், தெப்பக்குளம் நிறுத்தம் தாண்டியதும், மங்கை சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி சொன்னாள்: "இதப் பத்தி வீட்ல பேச வேணாங்க. பேச ஆரம்பிச்சா வீடு ஆஸ்பத்திரி ஆயிடும்." இரட்டைக்கோடு. அதன்பின் நாங்கள் பேசவில்லை. அவள் என் முகத்தைப் பார்ப்பதும் நின்றது. என்ன சொன்னாலும் என் காதோரத்தையோ தோளையோ பார்த்தே மறுமொழி கூறினாள். சினம் என்று நினைத்தேன்; என்ன தவறிழைத்தேன் என்று பல நாள் உள்ளுக்குள் தேடினேன். பிறகு ஒருநாள் காலையில், கூடத்தில் நின்று என் தோளைப் பார்த்துக்கொண்டே, "தாடைல சோப்பு இருக்கு, தொடைங்க," என்றாள். அப்போதுதான் விளங்கிற்று: என்னைப் பார்ப்பதற்காகத்தான் அவள் என்னைப் பார்க்காமல் இருக்கிறாள். நேராகப் பார்த்தால் நான் இருக்கும் இடத்தில் மங்கல்தான் இருக்கும். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்; சோப்பு போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற சனிக்கிழமை. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். ஆனால் நினைவு அங்கேதான் போய் முட்டுகிறது. என் கப்பல்கள் ஐந்தும் வரிசையாக நின்றன. மங்கை ஒரு சீட்டை மேசையில் அறைந்து, "புயல்!" என்றாள். விழுந்தது தீவு. இரண்டுமே நீலம், புயலில் நீலம் சுழலும், தீவில் அது பரந்து கிடக்கும். அவள் முகம் அந்த மலர்ச்சியோடு என் தோளுக்கு அப்பால் எதையோ நோக்கிக்கொண்டிருந்தது. அரை மதிப்பெண்ணுக்காகத் தலைமையாசிரியரோடு வழக்காடியவன் நான். வாய் திறந்தது. மூடிக்கொண்டது. ஐந்து கப்பல்களையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தேன். "போச்சே!" என்றுகூடச் சொன்னேன், சற்று மிகையாக. அவள் சிரித்தாள். ஆட்டம் முடிந்து பெட்டியில் அடுக்கும்போதுதான் அவளுடைய கை நின்றது. பிறகு, போதுங்க, நிறுத்திக்கலாம். கண் தெரியாததனால்தான் நிறுத்துகிறாள், வேறென்ன? முதலில் இந்த ஆட்டம், அடுத்தது செய்தித்தாளின் எண்புதிர், அதற்கடுத்து, அடுப்படியில் தனியாக நிற்பது, அப்புறம் வாசற்படி. ஒன்றை விட்டால் மற்றவை வரிசையாக விழும். முதலாவதை விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த அச்சமே என்னை இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தது.

அவளிடம் சொன்னது வேறு. மூலச் சீட்டுகள் தேய்கின்றன, அவற்றைப் பெட்டியில் பாதுகாத்துவிட்டுப் பிரதி எடுத்து ஆடலாம், வெளியூர்களில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம் என்றேன். "என் கட்டு மட்டுந்தான் தேயுதாக்கும்?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். உண்மையில் நான் செய்ய நினைத்தது எழுத்தைப் பெரிதாக்குவது. ஆங்கிலத்தில் பொடிப்பொடியாக இருந்தவற்றைத் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அச்சிடுவது. அங்கே என் குணம் குறுக்கே வந்தது. புயல் சீட்டுக்கு முதலில் நான் எழுதியது இது: 'இச்சீட்டை ஆடுபவர், எதிராளி அம்முறையில் களத்தில் இறக்கிய கப்பல்கள் அனைத்தையும், அவற்றின் வலிமை எதுவாயினும், கவிழ்ந்தனவாகக் கருதச் செய்வார்.' குறை சொல்ல முடியாத வாக்கியம். ஆனால் அதைச் சீட்டுக்குள் நுழைக்க எழுத்தைச் சுருக்க வேண்டியிருந்தது. சுருக்கச் சுருக்க, மூலத்தைவிடப் பொடியாயிற்று. திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காக எழுதினேன் இதை? திருத்துவதற்கு எவருமில்லாத ஒரு தேர்வுக்கு விடை எழுதியிருக்கிறேன். 'எதுவாயினும்' போயிற்று. 'கருதச் செய்வார்' போயிற்று. ஒவ்வொன்றை நீக்குவதும் பல் பிடுங்குவதாக இருந்தது. இறுதியில் நின்றது 'புயல்' என்ற ஒரு சொல், சீட்டின் குறுக்கே, கருமையாக, கடைப் பலகை எழுத்தைப் போல. மற்றச் சீட்டுகளிலும் அப்படியே பெயர் மட்டும். விதிகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

தாளுக்கு விறைப்பு வேண்டுமென்று, பின்னால் ஒட்டச் சாதாரணச் சீட்டுக்கட்டு வாங்கப் போனேன். சாலை ரோடு என்றே பெயர்பெற்ற தெருவில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் ஆரோக்கியதாஸ் என்னிடம் படித்தவர், அவரே இப்போது தலை நரைத்தவர். கட்டைக் கேட்டதும் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா... ரம்மிங்களா?" "இல்லை. பின்னால் ஒட்டுவதற்கு." "ஒட்றதுக்கு! சரிங்கய்யா. ஒட்றதுக்குன்னே வச்சுக்குவோம். நானும் வீட்ல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்." மேலும் விளக்கினால் இன்னும் சிரிப்பார் என்று தோன்றியது; வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கட்டில் இனி ஒரு சீட்டும் மிச்சமில்லை. மறுபடி அச்சிட வேண்டுமானால் மறுபடி கடைக்குப் போக வேண்டும். இயந்திரமோ ஒவ்வொரு தாளுக்கும் வயிற்றுவலிக்காரரைப் போல முனகும், மங்கை விழித்துவிடுவாள். குறைந்தவற்றை அப்படியே விட்டுவிட்டால் என்ன? உறைகளின் முதுகு எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. கண்ணால் பார்த்து எவராலும் பிரிக்க இயலாது. ஆனால் விரலுக்குத் தெரியும். விளிம்பில் உள்ளே சீட்டு இல்லாத இடம் மெத்தென்று மடங்கும். அதுவும் வேறு சீட்டுகளாக இருந்திருக்கலாகாதா, சரியாக ஒன்பது புயல்களும் அந்தத் தாளில்தானா! கட்டின்மேல் கை வைத்தாலே அடுத்து வருவது புயலா இல்லையா என்று அறிந்துவிடலாம். அடையாளமிட்ட கட்டு. அதைவிடப் பெரிய குற்றம் எந்தச் சீட்டாட்டத்திலும் இல்லை. மங்கைக்கு அது தெரியாமல் போகுமா? முறத்தைப் பார்க்காமலே அரிசியில் கல்லைப் பொறுக்குகிற விரல்கள். கரும்பலகையில் கவராயமின்றி வட்டம் போட்டுவிட்டு, மாணவர்கள் அளந்து பார்க்கட்டும் என்று ஒதுங்கி நிற்பாள்; அவர்கள் அளந்து தோற்பார்கள். தொட்ட மறுகணம் தெரிந்துவிடும். இதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லையா என்று அவள் கேட்க மாட்டாள். கேட்காமல் கட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவாள். அதுதான்...

மின்விசிறியின் ஒலி நின்றுவிட்டது. கட்டில் சட்டம் கிரீச்சிடுகிறது. ஒன்பதையும் மற்றவற்றோடு கலந்து கட்டாக்கி மேசைமேல் வைத்தேன். வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் தாள் துணுக்குகளைக் கூட்டினேன். மங்கை முகம் கழுவிக்கொண்டு வந்தாள். காபி போட்டாள்; டம்ளரின் விளிம்பில் சுட்டுவிரலைக் கொக்கிபோல் வைத்து அளவு பார்த்து ஊற்றினாள். எப்போதிலிருந்து இப்படி ஊற்றுகிறாள்? அதைப் பார்த்ததே இல்லையா நான்? குடித்து முடித்து, மேசையைத் துடைத்து, எதிரில் உட்கார்ந்தாள். மரபு மரபுதான்; தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "உன் கட்டு பிரதிக் கட்டு. நான் அச்சிட்டது. ஆடச் சம்மதமா?" "அத நான்தானே உங்களக் கேக்கணும்? கட்டு என்னோடதுல்ல?" அவள் கலைக்கத் தொடங்கினாள். ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை விரல்கள் நின்றன. சுவரைப் பார்த்துக்கொண்டே கட்டின் தலைப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு அதிலிருந்து ஒரு சீட்டை உருவி வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. ஒன்பதும் மேசையில் கவிழ்ந்து வரிசையாகக் கிடந்தன, பத்தாவது வரவில்லை. "ஒம்பதுன்னா புயல்தான்," என்றாள். "பிழை, மங்கை. மின்சாரம் போயிற்று, அந்த இயந்திரம் தானாகவே..." "பிழைதான். இருங்க, தொடவிடுங்க." இன்னொரு முறை தடவினாள். "எழுத்தையும் பெருசாத்தான் போட்டிருக்கீங்க. ஓரமா வச்சுப் பாத்தா தெரியுது. ஆனா ஒவ்வொரு சீட்டுக்கும் கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தா கோழி மாதிரில்ல இருப்பேன்? இது நல்லா இருக்கு. தீவுக்கு ஒரு மூலைய வெட்டிவிடுங்க. மீனு, ஆமைக்கெல்லாம் பக்கவாட்டுல. அப்புறம் எனக்கு லைட்டே வேணாம்."

"முடியாது," என்றேன். என் குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது. "அது அடையாளமிட்ட கட்டு. சீட்டை எடுக்கும் முன்பே அது என்னவென்று உனக்குத் தெரிந்துவிடும். அது ஆட்டமன்று." அவள் என் காதோரத்தைப் பார்த்தாள், அதாவது என்னைப் பார்த்தாள். பார்த்து, மெல்லச் சிரித்தாள். "அப்ப இதெல்லாம் சொல்லத் தெரியுதுல்ல. போன வாரம் ஏன் வாய் திறக்கல?" கூட்டி வைத்த துணுக்குகளையே மறுபடி கூட்டினேன். "தீவைப் போட்டுப் புயல்னு சொன்னேன். அஞ்சு கப்பலையும் கவுத்து வச்சுட்டு, போச்சேன்னு வேற நாடகம். பெட்டில அடுக்கும்போது ஓரக்கண்ணால பாத்தேன், மேல கிடந்தது தீவு. கண்ணு போறது போகட்டுங்க. எங்கூட ஆடுறவரு போயிட்டாரேன்னுதான் நிறுத்தலாம்னேன்." வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கியது யார்? பெரிய எழுத்து, ஒட்டிய அட்டை, மூலத்தைப் பாதுகாக்கும் கதை. ஒரு வாரமாக நான் வெட்டிக்கொண்டிருந்தது என்ன என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். "சரி, அடையாளத்துக்கு வழி சொல்லுறேன்," என்றாள், கரும்பலகைப் பக்கம் திரும்புகிற தொனியில். "என் கட்ட நான் தொட மாட்டேன். உங்க பக்கத்துல வச்சுக்கங்க. என் முறை வர்றப்ப மேல இருக்கிறத எடுத்து நீங்க குடுங்க. கையில வந்தப்புறம் நான் தடவிப் பாத்துக்கறேன்." "எனக்குத் தெரிந்துவிடுமே, உனக்கு என்ன வருகிறதென்று?" "உங்களுக்கா? கண்ண மூடிட்டுச் சொல்லுங்க பாக்கலாம், இதுல எது சின்னது?" மூடினேன். இரண்டு சீட்டுகளை என் விரலிடையே வைத்தாள். தடவினேன். விளிம்பு, விளிம்பு, இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இதுவென்றேன். "அதான் பெருசு," என்றாள். "நாப்பது வருஷம் சாக்பீஸ் பிடிச்ச விரலு. அதுல என்ன இருக்கும்?" அவளும் அத்தனை காலம் சுண்ணக்கட்டிதானே பிடித்தாள் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ஒன்பதையும் மறுபடி சேர்த்துக் கலைத்து, கட்டை என் பக்கம் தள்ளினாள். அடுத்தவர் கட்டை இசைவின்றித் தொடலாகாது. ஆட்ட மேசையில் இவ்வளவு நாளும் ஒருமுறைகூட நான் அவளுடையதைத் தொட்டதில்லை. "தொடலாமா?" என்று கேட்டேன். "தொடுங்க, தொடுங்க. பாக்காம எடுக்கணும்." மேலிருந்து ஒன்றை எடுத்து, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினேன், அவள் விரல்கள் என் விரல்களை முதலில் தொட்டன, பிறகு சீட்டை. அடுத்தது. அதற்கடுத்தது. கையில் சேர்ந்தவற்றின் விளிம்புகளைக் கட்டைவிரல் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு அமர்ந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதும் தெரியாமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி. என் கப்பல்களை இறக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் இரண்டு தீவுகளை அடுக்கினாள். நான்காவது கப்பலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நிமிர்ந்ததை உணர்ந்து நானே வெட்கப்பட்டேன். மங்கை கையிலிருந்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தாள். கட்டைவிரல் அதன் தலைப்பக்கத்தில் ஒருகணம் நின்றது. மேசையில் அறைந்தாள். "புயல்!"

குனிந்து பார்த்தேன். உறை நிறைய, விளிம்புக்கு விளிம்பு, குறைவில்லாமல் கிடந்தது அது. குறுக்கே என் கடைப் பலகை எழுத்தில் 'தீவு'. கப்பல்களை நோக்கிப் போன என் கை பாதிவழியில் நின்றது. அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அரிசியில் கல் பொறுக்குகிற அந்தக் கட்டைவிரல் இப்போது மேசையோரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"தவறு," என்றேன். "இது தீவு. எடு."

"அப்பாடா," என்று சொல்லிச் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள் மங்கை. "இப்ப ஆடலாம்."